தோற்பதாக வாக்குக் கொடுத்தவள்

என் பிரியத்துக்குரிய பூமி அண்ணே,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. இந்த ஏழு மாதமும் உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். உட்கார்ந்தால் முதல் வரியிலேயே கை நின்றுவிடும். தினமும் அலுவலகத்தில் பக்கம் பக்கமாக டைப் அடிக்கிறவள், உனக்கு ஒரு தாள் எழுத வழியில்லாமல் தவித்தேன். இன்று ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைகள் அவர்கள் அப்பாவோடு கடைவீதிக்குப் போயிருக்கிறார்கள். வீட்டில் நான் மட்டும்தான். இன்றைக்கு விட்டால் எப்போதும் எழுத மாட்டேன்.

உன் கடையைப் பற்றி ஒரு சேதி சொல்ல வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் வேறொன்றைச் சொல்லித் தீர வேண்டும். பத்து வருசமாக உன்னிடம் ஒரு பொய்யைச் சொல்லி வைத்திருந்தேன். நீ இருக்கும்போதே சொல்லியிருக்கலாம். எத்தனையோ தரம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நீ சிரித்துப் பேசிக்கொண்டிருப்பாய். நல்ல நேரத்தைக் கெடுப்பானேன் என்று விட்டுவிடுவேன். அப்படியே விட்டுவிட்டேன்.

எண்பதுகள் முடியப்போகிற நேரம் அது. நீ பி.ஏ. முடித்து ஆறு வருசம் ஆகியிருந்தது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்த அட்டையைப் புதுப்பித்துப் புதுப்பித்து அதன் மடிப்பே கிழிந்துபோயிருந்தது. ஊரில் முதல் பட்டதாரி நீதான். திருச்சுழிக்குப் பஸ் ஏற நிற்கும்போதெல்லாம், "என்ன பூமி, ஆர்டரு வந்துருச்சா?" என்று யாராவது கேட்பார்கள். கேட்பவர்களுக்கு அது சும்மா ஒரு பேச்சு. உனக்கு எப்படி இருந்தது என்று பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும். கடைசியில் நீ ஊர் நிறுத்தத்தில் நிற்பதையே விட்டுவிட்டு, கண்மாய்க்கரை வழியாக ஒரு மைல் நடந்து அடுத்த நிறுத்தத்தில் ஏற ஆரம்பித்தாய்.

டைப் படித்தால் வேலை சீக்கிரம் கிடைக்கும் என்று யாரோ அய்யாவிடம் சொல்லிவிட்டார்கள். அருப்புக்கோட்டையில் டைப் கிளாஸில் சேரச் சொன்னார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நடுவில் போய் உட்காரமாட்டேன் என்று நீ இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாய். மூன்றாம் நாள் அய்யாவிடம், "காளியையும் சேத்துவிட்டா நான் போறேன்" என்றாய். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு மூன்று வருசமாகப் பருத்திக்காட்டில் நின்ற என்னை, அந்த ஒரு வார்த்தைதான் பஸ்ஸில் ஏற்றியது. துணைக்குப் போகிறவளாகத்தான் போனேன். எனக்கென்று ஒரு வேலையைப் பற்றி அய்யாவும் நினைக்கவில்லை, அம்மாவும் நினைக்கவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் நினைக்கவில்லை.

ஆனால் அந்த மிஷின் முன்னால் உட்கார்ந்ததும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது, அண்ணே. நீ சலித்துப்போய் ஜன்னலைப் பார்ப்பாய். நான் நேரம் முடிந்த பிறகும் எழுந்திருக்க மாட்டேன். பஸ்ஸில் திரும்பி வரும்போதும் மடியில் விரல் ஆடிக்கொண்டே இருக்கும். லோயர் பரீட்சையில் இருவரும் தேறினோம். ஹையரிலும் இருவரும் தேறினோம், நான் கொஞ்சம் கூடுதல் மார்க்கோடு. கடைசி ஒரு வருசம் நீ வாரத்துக்கு இரண்டு நாள் என்னை வாசலில் விட்டுவிட்டு எங்கேயோ போய்விடுவாய். மேட்னி ஷோவுக்குப் போகிறாய் என்று நினைத்தேன். வீட்டில் நான் வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து அந்தக் கார்டுகள் வந்தன. அருப்புக்கோட்டையில் ஒரு கூட்டுறவு அலுவலகத்தில் தட்டச்சர் வேலை. ஒரே ஒரு இடம். தமிழ் டைப்பில் ஹையர் முடித்தவர்கள் நம் பக்கம் அப்போது அதிகம் இல்லை, அதனால் உன் பேரும் போயிருந்தது, ஹையர் முடித்ததும் உன்னோடு வந்து பதிந்து வைத்த என் பேரும் போயிருந்தது. ஒரே தபாலில், ஒரே வீட்டுக்கு, ஒரே நாளுக்கு இரண்டு கார்டு. அய்யா இரண்டையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். நீ சிரித்தாய். "எங்க ரெண்டு பேருல யாரு ஜெயிச்சாலும் ஆர்டரு இந்த வீட்டுக்குத்தான்" என்றாய். அய்யா சிரிக்கவில்லை.

பரீட்சைக்கு முந்தின நாள், நீ சட்டைக்கு இஸ்திரி போடத் திருச்சுழிக்குப் போயிருந்தாய். நான் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தேன். அம்மாவும் இரண்டு பாத்தி தள்ளி எடுத்துக்கொண்டிருந்தாள். அய்யா காட்டுக்குள் வந்து என் எதிரே நின்றார்.

"காளி, அவனுக்கு வயசு ஏறுது. இது தப்புனா இனிமே அவனுக்குக் கார்டு வராது."

"வரும்யா."

"வராது தாயி. எனக்குத் தெரியும். நீ நாளைக்கு ஒருத்தன் வீட்டுக்குப் போயிருவ. அங்க ஒன்னைய வேலைக்கு விடுவாகளோ மாட்டாகளோ. அவன் இங்கதான் கெடக்கணும். எல்லாரும் கேக்குறதுக்கு அவன்தான் பதில் சொல்லணும்."

அவர் அடுத்துச் சொல்லப்போவது எனக்கு அதற்குள் தெரிந்துவிட்டது.

"நாளைக்கு நாலு எழுத்தத் தப்பா அடிச்சிரு. போதும். யாருக்கும் தெரியாது."

கையை நீட்டினார். அந்தக் கை என் முன்னால் அப்படியே நின்றது. நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் நிமிரவே இல்லை, பருத்தி எடுக்கும் வேகம் மட்டும் கூடியது. நான் அய்யா கையில் அடித்து வாக்குக் கொடுத்தேன். "சரிய்யா" என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. மனசில் ஈரம் இல்லாத மனிதர் இல்லை அவர், அண்ணே. அது உனக்கும் தெரியும்.

மறுநாள் காலையில் பஸ்ஸில் உன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். வெள்ளைச் சட்டை போட்டிருந்தாய். கசங்கக்கூடாது என்று சீட்டில் முதுகு படாமல் உட்கார்ந்திருந்தாய். "பதறாம அடி காளி, நேரம் இருக்கும்" என்று எனக்குச் சொன்னாய். நான் வெளியே பார்த்துக்கொண்டு, எந்தெந்த வரியில் தப்புப் போட வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். முதல் இரண்டு வரியைச் சரியாக அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் சந்தேகம் வரும். மூன்றாவது வரியில் ஆரம்பிக்கலாம். அப்படிக் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

மாடியில் ஒரு நீள அறை. ஒன்பது பேர் வந்திருந்தோம். பேர் வரிசைப்படி உட்கார வைக்காமல் வந்த வரிசைப்படி உட்கார வைத்தார்கள். அதனால் உன் மிஷின் எனக்கு இடது பக்கம். குடிநீர்க் கிணறுகளைப் பராமரிப்பது பற்றி ஒரு சுற்றறிக்கை, பத்து நிமிடம். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒருவர் "ஆரம்பிக்கலாம்" என்றார். ஒன்பது மிஷினும் ஒரே நேரத்தில் முழங்கியது.

முதல் வரி போனது. இரண்டாவது வரி போனது. மூன்றாவது வரியில் 'பராமரிப்பு' என்ற சொல் வந்தது. அதில்தான் முதல் தப்பு என்று எனக்குள் முடிவு. கை அந்தச் சொல்லுக்கு வந்தது. சரியாக அடித்தது. சரி, அடுத்த வரியில் போடலாம் என்று நினைத்தேன். அடுத்த வரியும் சரியாகப் போனது.

ஐந்தாவது நிமிடம் இருக்கும். உன் மிஷின் சத்தம் நின்றது. ஓரக்கண்ணால் பார்த்தேன். இரண்டு எழுத்துக் கம்பிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டிருந்தன. நீ விரலால் பிரித்துக்கொண்டிருந்தாய். விரலெல்லாம் மை. நெற்றியில் வேர்வை. அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். தப்புக்கூடப் போட வேண்டாம், சும்மா கொஞ்ச நேரம் கையைத் தூக்கி வைத்திருந்தால் போதும். எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. தெரிந்துதான் இன்னும் வேகமாக அடித்தேன்.

"விரல் கேக்கல" என்று அய்யாவிடம் சொன்னேன். அம்மாவிடம் சொன்னேன். பிற்பாடு உன்னிடமும் அதையேதான் சொன்னேன். அதுதான் பொய். விரல் கேட்டது, அண்ணே. நான்தான் கேட்கவில்லை. அந்தப் பத்து நிமிடமும் எனக்கு அந்த வேலை வேண்டும் என்று இருந்தது. அது வரைக்கும் எனக்கு இப்படி எதுவும் வேண்டியிருந்ததில்லை. உன் மிஷின் நின்றபோது என் மனதில் முதலில் வந்தது பரிதாபம் இல்லை. அது என்ன என்று உனக்குக்கூட எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து ஆர்டர் வந்தது. தபால்காரரைக் கண்மாய்க்கரையில் மறித்து வாங்கி வந்தவன் நீதான். பிரிக்கவில்லை. உறையின் மேல் இருந்த பேரைப் பார்த்தாலே தெரிந்துவிடுமே. நேரே காட்டுக்கு வந்து என்னிடம் நீட்டினாய். "ஒனக்குத்தான்" என்றாய். முகத்தில் சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்பைக் கொண்டுவர அந்த ஒரு மைல் முழுக்க நீ என்ன பாடுபட்டிருப்பாய்!

அய்யா உறையைப் பிடுங்கினார். படிக்கக்கூட இல்லை. "வாக்குக் குடுத்தியே காளி! கையில அடிச்சுக் குடுத்தியே!" என்று கத்தினார்.

நீ அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாய். "என்ன வாக்கு?"

அய்யா உறையை இடுப்பில் செருகினார்.

"என்னய்யா வாக்கு? தோக்கச் சொன்னீகளா?"

அய்யா தலையைக் குனிந்துகொண்டார். நீ என் பக்கம் திரும்பினாய். "நீயும் சரின்னு சொன்னியா?"

"சொன்னேன்."

"அப்ப நான் ஜெயிச்சிருந்தா? நானா ஜெயிச்சேனா, நீ விட்டுக் குடுத்தியான்னு எனக்குத் தெரியாமலே போயிருக்குமில்ல? சாகுற வரைக்கும் தெரியாமலே போயிருக்குமில்ல?"

நீ துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் ஏறி நடந்தாய். சைக்கிளையும் எடுக்கவில்லை. சாயங்காலம் வந்துவிடுவாய் என்று நினைத்தோம். நீ வரவில்லை.

அடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் அம்மா காட்டுக் கொட்டகைக்குள் போய்ப் பருத்திக்கு அடிக்கிற மருந்து டப்பா இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. அசைத்துப் பார்த்தாள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு முந்தின வருசம் பக்கத்து ஊரில் ஒரு பையன் அந்த மருந்தைக் குடித்திருந்தான், அவனும் உன்னைப் போலப் படித்துவிட்டு வீட்டில் இருந்தவன். அம்மா டப்பாவைக் கிணற்று மேட்டில் குழி தோண்டிப் புதைத்தாள். கிணற்றுக்குள்ளும் எட்டிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஒருவர் பார்த்ததை மற்றவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

ஆர்டரில் பத்து நாளுக்குள் சேர வேண்டும் என்று இருந்தது. நான் சேராவிட்டால் அடுத்த பேருக்கு வேலை போகும். அடுத்த பேர் உன்னுடையது. அய்யா அதை எப்படியோ விசாரித்துத் தெரிந்துகொண்டு வந்துவிட்டார். ஆறாம் நாள் என் முன்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். "எனக்கு விருப்பம் இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போடு" என்றார். எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். உன் உயிரே இருக்கிறதோ இல்லையோ என்று கிடந்த நேரத்தில் வேலையாவது ஒன்றாவது. "அவன் வரட்டும். ரெண்டு பேருமாப் போய்க் குடுத்துட்டு வாங்க" என்றார்.

எட்டாம் நாள், நரிக்குடிப் பக்கத்து ஆள் ஒருவர் உன்னை அருப்புக்கோட்டையில் ஒரு காயில் கட்டுகிற கடையில் பார்த்ததாகச் சொன்னார். எரிந்துபோன கிணற்று மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பார்களே, அந்த மாதிரிக் கடை. நான் யாருக்கும் சொல்லாமல் அந்தத் தாளை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு தனியாகப் பஸ் ஏறினேன். தனியாக ஏறியது அதுதான் முதல் தரம்.

நான்கு கடை விசாரித்து ஐந்தாவது கடையில் உன்னைப் பார்த்தேன். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு மோட்டாருக்குள் தலையைக் கொடுத்து உட்கார்ந்திருந்தாய். உயிரோடு இருந்தாய். கதவைப் பிடித்துக்கொண்டேன். நீ நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பக் குனிந்துகொண்டாய்.

கடைக்காரர்தான் ஸ்டூலை எடுத்துப் போட்டார். "தங்கச்சியாம்மா? ஒங்க அண்ணன் ஒரு வருசமா இங்கதான் வந்து போய்க்கிட்டு இருக்காப்ல. கை நல்லா வருது" என்றார்.

ஒரு வருசமா! மேட்னி ஷோ என்று நான் நினைத்ததெல்லாம் இதுதான். எனக்குக் கோபம் வந்தது. "ஏன்ணே சொல்லல? அங்க அம்மா கெணத்தக் கெணத்த எட்டிப் பாக்குறா."

நீ கம்பியைச் சுற்றிக்கொண்டே சொன்னாய்: "பி.ஏ. படிச்சவன் காயில் கட்டப் போறேன்னு யாருகிட்டப் போய்ச் சொல்லச் சொல்ற? அய்யாகிட்டயா?"

"அப்ப அந்த வேலை ஒனக்கு வேண்டாமா?"

கை நின்றது. முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாய். "அப்படி நெனச்சுக்கிட்டு நிம்மதியா இருந்துறாத. அன்னைக்கு நான் முழு மூச்சா அடிச்சேன். எனக்கு வேணும்னுதான் அடிச்சேன். ஒரு தடவையாவது ஜெயிக்கணும்னு அடிச்சேன். நீ நல்லா அடிச்ச, ஜெயிச்சுட்ட. அம்புட்டுத்தான்."

அப்போதுதான் அந்தப் பொய்யைச் சொன்னேன். "நான் தப்புப் போடத்தான் நெனச்சேன்ணே. விரல் கேக்கல." நீ கம்பியின் முனையைத் தேடி எடுத்தாய். நம்பினாயா, அண்ணே? நம்பாமலே விட்டுவிட்டாயா?

பையிலிருந்த தாளை எடுத்து நீட்டினேன். கைக் கறை படாமல் ஓரத்தைப் பிடித்துப் படித்தாய். கிழித்துப் போடுவாய் என்று எதிர்பார்த்தேன். கிழித்துப் போட்டுவிட்டுப் போய்ச் சேரு என்று சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு லேசாக இருந்திருக்கும்! நீ அதை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தாய்.

"நீ இதைக் குடுத்தா அவுக என்னையக் கூப்பிடுவாக. நான் போக மாட்டேன். என் விசயம் எனக்குத் தெரியும். நீ சேருறதும் சேராததும் ஒன் பாடு. என்னையக் கேக்காத. அய்யாவையும் கேக்காத."

"அய்யா பேச மாட்டாக."

"பேச மாட்டாகதான்."

அதற்கு மேல் நீ தலை நிமிரவில்லை. நான் வெயிலில் வந்து நின்றேன். இடது பக்கம் போனால் பஸ் நிலையம். வலது பக்கம் போனால் அந்த அலுவலகம். அரை மணி நேரம் அந்த முக்கில் நின்றிருப்பேன். ஒரு ரிக்‌ஷாக்காரர் மூன்று தரம் என்னைக் கடந்து போய், "எங்கம்மா போகணும்?" என்று கேட்டார். யாராவது ஒருவர் சொல்ல மாட்டார்களா என்று இருந்தது. யாரும் சொல்லவில்லை. நான் வலது பக்கம் திரும்பினேன். ஆர்டரைக் கொண்டு வரவில்லை, பேரைச் சொன்னேன். நாளைக்கு எடுத்துக்கொண்டு வந்து சேரச் சொன்னார்கள். மறுநாள் அம்மா என் பையில் ஆர்டரை வைத்து, மஞ்சள் புடவையைக் கட்டிவிட்டு, அய்யா மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே என்னை வாசல் தாண்டி அனுப்பினாள்.

அய்யா ஒரு வருசத்துக்கு மேல் என்னிடம் பேசவில்லை. உன்னிடம் அதைவிடக் கூடுதல். நீ திருச்சுழியில் சொந்தமாகக் கடை போட்டபோது அவர் வரவில்லை. நம் கிணற்று மோட்டார் எரிந்தபோது, உன் கடையைத் தாண்டி நரிக்குடிக்குத் தூக்கிக்கொண்டு போனார். பஸ்ஸின் மேல் அந்த மோட்டார் போவதை நீ கடையிலிருந்து பார்த்தாயாம். பிற்பாடு உன்னைக் கட்டி வந்த பஞ்சவர்ணம் மதினி சொல்லித்தான் எனக்குத் தெரியும். உன் கல்யாணத்துக்குப் பிறகுதான், அதுவும் பேத்தி பிறந்த பிறகுதான், மிளகாய் காய்ந்துகொண்டிருந்த ஒரு வாரத்தில் அவரே மோட்டாரை வண்டியில் ஏற்றி உன் கடை முன்னால் கொண்டுவந்து இறக்கினார். "சீக்கிரம் கட்டிக் குடுலே" என்றாராம். அதுதான் அவர் கேட்ட மன்னிப்பு.

உன்னை மஞ்சள் காமாலை இவ்வளவு சீக்கிரம் கொண்டுபோகும் என்று யார் நினைத்தோம்? மதுரை ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள். கடைசியாக நான் பார்த்தபோது, கட்டி முடிக்காமல் கிடக்கும் மோட்டார்கள் யார் யாருடையவை என்று மதினியிடம் சொல்லிக்கொண்டிருந்தாய். அதைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். அந்தப் பன்னிரண்டு நாளும் உனக்கே தெரியும்.

இப்போது சேதிக்கு வருகிறேன்.

முப்பதாம் நாள் முடிந்ததும் எல்லோரும் உட்கார்ந்து பேசினார்கள். மதினியின் அண்ணன், "கடையக் குடுத்துட்டு எங்க ஊருக்கு வந்துரு" என்றார். அய்யாவும் கடையைக் கொடுத்துவிடலாம் என்றார். முடியாத வயதில் அவர் குரலே மாறிப்போய்விட்டது. நான் எல்லாருக்கும் மேலாக ஒரு காரியம் செய்தேன். ஊரில் பால்வாடியில் ஆயா வேலை ஒன்று காலியாக இருந்தது. என் அலுவலக மிஷினிலேயே மதினி பேரில் ஒரு மனுவை அழகாக அடித்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அரசு வேலை, பிள்ளையை வைத்துக்கொண்டு பாதுகாப்பாக இருக்கலாம் என்று எல்லோருக்கும் விளக்கினேன். எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள்.

மதினி தாளை வாங்கிப் பார்த்தாள். "என்னைய ஒரு வார்த்த கேட்டியா காளி?" என்றாள்.

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது.

"எனக்குக் காயில் கட்டத் தெரியும்" என்றாள். "ஏழு வருசமா மத்தியானச் சோறு கொண்டுபோனவ சும்மாவா ஒக்காந்திருந்தேன்? அவுகளுக்குக் கண்ணு வலிச்சப்பல்லாம் யாரு சுத்துனதுன்னு நெனச்சீக?"

அவள் அண்ணன் எழுந்துவிட்டார். "பொம்பள அந்தக் கடையில ஒக்காந்தா நாலு பேரு என்ன பேசுவான்?" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், நான்தானே படித்தவள். என் கையில் அந்த மனு. எனக்குப் பயமாகத்தான் இருந்தது, அண்ணே. ஒருத்தி மட்டும் அந்தக் கடையில் உட்கார்ந்து, ஒரு மோட்டார் ஓடாமல் போனால் ஊரே சிரிக்கும். அவள் நம்பிக்கையில் அந்தப் பிள்ளையின் சோறும் இருக்கிறது. இருந்தும் நான் சொன்னேன், "மதினி சொல்றபடிதான். இதுல நாம பேசுறதுக்கு ஒண்ணும் இல்ல." அவள் அண்ணன் என்னோடு இப்போது பேசுவதில்லை.

நீ கட்டி முடிக்காமல் விட்ட மோட்டார்களில் ஒன்று நரிக்குடிப் பக்கத்தில் வெள்ளாமை செய்யும் சம்சாரி ஒருவருடையது. அவர் காட்டில் மிளகாய் வாடிக்கொண்டிருந்தது. மதினி ஐந்து நாள் உட்கார்ந்து அதைக் கட்டினாள். மாட்டுகிற அன்று நானும் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். அய்யாவும் கம்பை ஊன்றிக்கொண்டு வந்து கிணற்று மேட்டில் நின்றார். அந்தச் சம்சாரி யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் பயிர் அது.

கரண்டு வந்ததும் மதினி, "சுச்சப் போடுங்க" என்றாள். மோட்டார் உறுமியது, சுற்றவில்லை. "நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று அவள் கத்தினாள். சம்சாரி வாய்க்குள் என்னவோ முணுமுணுத்தார். மதினி அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. மூடியைக் கழற்றி, கம்பி முனைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, ஒன்றை எடுத்து இடம் மாற்றிப் போட்டாள். "இப்பப் போடுங்க" என்றாள்.

ஓடியது. குழாயில் முதலில் காற்று வந்தது, பிறகு செம்மண் கலங்கலாகக் கொஞ்சம் வந்தது, பிறகு தெளிந்த தண்ணீர் வாய்க்காலில் விழுந்து மிளகாய்ப் பாத்திக்குள் ஓட ஆரம்பித்தது. அந்த மனிதர் ஓடிப்போய் மடையைத் திருப்பிவிட்டார். அய்யா கம்பை ஊன்றி மெதுவாக இறங்கி வந்து, வாய்க்காலில் காலை நனைத்துக்கொண்டு நின்றார். "அவன் கட்டுனா எப்பிடி ஓடுமோ அப்பிடியே ஓடுது தாயி" என்றார். சொல்லிவிட்டு எங்கள் இருவருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு அழுதார்.

கடை திறந்திருக்கிறது, அண்ணே. இப்போது மூன்று மோட்டார் வரிசையில் கிடக்கின்றன. நான்காவது ஆள் வந்து, "பொம்பளையா கட்டுறது?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். அதையும் சொல்லிவிட வேண்டும். போனவன் போகட்டும் என்கிறாள் மதினி. அடுத்த மழைக்குள் இன்னும் எத்தனை பேர் திரும்பிப் போவார்களோ தெரியாது. எனக்கு அந்தப் பயம் போகவில்லை. அவளுக்கும் போகவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் அவள் காலையில் போய்க் கதவைத் திறக்கிறாள்.

உன் மகள் வளர்வாள். பத்துப் பன்னிரண்டு வருசத்தில் அவளுக்கும் எந்த வழியில் போவது என்று முடிவு செய்கிற நாள் வரும். அவளைச் சுற்றியும் நாங்கள் எல்லோரும் பாசத்தோடு, ஆளுக்கொரு முடிவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்போம். உனக்கு ஒரு சொல் தருகிறேன், அண்ணே. இதில் நான் மாறமாட்டேன். அவளிடம் முதலில் கேட்பேன். அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன். அவள் ஜெயிக்க நினைத்தால் முழு மூச்சாக ஜெயிக்கட்டும், எதிரே இருப்பது என் பிள்ளையாகவே இருந்தாலும் சரி.

உன் துணைக்கு என்று பஸ் ஏறி வந்த
உன் கூடப்பிறந்தவள்,
காளீஸ்வரி